மீசையால் வேட்டையாடும் எலிகள்

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

எலி என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வீட்டு முகடும் வட்டையின், அதாவது வயல்வெளியின், வரம்பும்தான். வரம்பு எலிக்குத் தண்ணீர் பயமில்லை. மாரி வெள்ளம் ஏறும்போது அது வாய்க்காலைக் குறுக்கே நீந்திக் கடந்து மேட்டுக்குப் போய்விடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கமம் செய்யும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். அதனால்தான் 'தண்ணீர் எலி' என்றால், நம் எலியும் அப்படித்தானே என்ற எண்ணம் வருகிறது. நீந்தத் தெரிந்த எலி வேறு, தண்ணீருக்குள் இரை பிடித்துப் பிழைக்கும் எலி வேறு. இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலையும் மீசையையும் பல்லையும் பார்த்தாலே சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இரண்டாவது வகைக்கு மிக நல்ல உதாரணம் அமெரிக்காக் கண்டங்களின் வெப்பவலய ஓடைகளில் இருக்கிறது. விலங்கியலில் இதை இக்தியோமைனி என்ற குலமாக வகுத்திருக்கிறார்கள். மெக்சிக்கோவின் தெற்கிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியா, வெனிசுவேலா, ஈக்குவடோர், பெரு, பொலிவியா, பிரேசில், கயானாப் பகுதி வரை இவை பரவியுள்ளன. ரியோமிஸ் என்ற பேரினம் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் தென் அமெரிக்காவுக்குரியவை. 1893இல் ஓல்ட்ஃபீல்ட் தோமஸ் என்ற பிரித்தானிய விலங்கியலாளர் இக்தியோமிஸ் என்ற பேரினப் பெயரை இட்டார். கிரேக்கத்தில் அதற்கு 'மீன் எலி' என்று பொருள். பெயரைப் பார்த்து இவை மீனையே தின்று வாழ்வதாக நினைத்துவிடக் கூடாது. இரைப்பையைத் திறந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைத்தவை நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்களும் நண்டுத் துண்டுகளும்தான். மீன் இடையிடையே மட்டுமே. இந்தக் குலம் முழுவதையும் ஒழுங்காக ஆராய்ந்து 1988இல் பெரிய நூலொன்று எழுதியவர் ரொபர்ட் வொஸ். சிப்சானோமிஸ் என்ற பேரினத்துக்குப் பெயரிட்டவரும் அவரே.

உருவத்தில் இவை பெரியவை அல்ல. இக்தியோமிஸ் எலியின் தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. அதே குலத்தின் இன்னொரு பேரினமான நியூஸ்டிகோமிஸ் அதைவிடச் சிறியது. நீர்நாயைப் போலக் குளத்தின் நடுவே தலைதூக்கி நீந்தும் விலங்காக இதைக் கற்பனை செய்ய வேண்டாம். கல்லுக்கும் நுரைக்கும் இடையே, இருட்டில், கைப்பிடியளவு உடம்போடு அலைகிற விலங்கு இது.

முதலில் பின்னங்காலைப் பாருங்கள். இக்தியோமைனி எலிகளின் பின்பாதம் அகன்றது. பாதத்தின் ஓரத்திலும் விரல்களின் ஓரத்திலும் விறைப்பான மயிர்கள் சீப்புப் பல்லைப் போல வரிசையாக நிற்கும். சில விரல்களுக்கிடையே சிறு சவ்வும் உண்டு. கால் பின்னோக்கி உதைக்கும்போது தண்ணீரின் எதிர்ப்பால் அந்த மயிர்கள் விரிந்து பாதத்தின் பரப்பைக் கூட்டுகின்றன. கால் முன்னே திரும்பும்போது அவை பாதத்தோடு ஒட்டிப் படிந்து எதிர்ப்பைக் குறைக்கின்றன. தோணித் துடுப்பை இழுக்கும்போது அகலப் பக்கத்தைக் காட்டுவதும், திரும்ப எடுக்கும்போது விளிம்பைக் காட்டுவதும் இதே தத்துவம்தான். வாவியில் தோணி தள்ளியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாத்தின் காலைப் போல முழுச் சவ்வு இருந்திருந்தால் வழுக்குக் கல்லின்மேல் ஏறி இறங்குவது கடினம். மயிர் விளிம்பு நீந்தவும் உதவுகிறது, நடக்கையில் தடையாகவும் இருப்பதில்லை.

நம் வரம்பு எலியின் பின்பாதத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த விளிம்பும் இல்லை, சவ்வும் இல்லை. அதன் அறிவியல் பெயர் பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். அதன் பெரிய உறவுதான் பெருச்சாளி. 'பண்டிகோட்டா' என்ற சொல்லே தெலுங்கின் 'பந்திக்கொக்கு', அதாவது பன்றி எலி, என்பதிலிருந்து போனது. இதன் கால் மண் தோண்டுவதற்கானது. நீந்தும்போதும் அது அந்தத் தோண்டும் காலையே உதைக்கிறது.

அடுத்தது மீசை. இந்தப் பேச்சின் நடுப்பொருளே இதுதான். இரவில், நுரை பொங்கும் ஓடையில், கண்ணால் என்ன பார்க்க முடியும்? இக்தியோமைனி எலிகளின் கண்கள் சிறியவை. காதுகளும் சிறியவை. ஈக்குவடோரின் உயர்மலை ஓடைகளில் வாழும் அனோடோமிஸ் லியாண்டருக்கோ வெளிக்காது மடலே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலுதட்டின் இருபுறமும் தடித்த, விறைத்த, வளைந்த மீசை மயிர்கள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு மீசை மயிரின் அடியிலும் இரத்தம் நிரம்பிய சிறு பை உண்டு. அதற்குள் நரம்பு முனைகள் செறிந்திருக்கும். மயிர் நுனி ஒரு நண்டின் கால் அசைவில் பட்டு வளைந்தால் அந்தச் செய்தி முக்கூர் நரம்பு வழியாக மூளைக்குப் போகும். இந்த நரம்பின் கிளை கண்குழிக்குக் கீழே மண்டையோட்டிலுள்ள ஒரு துளையால் முகத்துக்கு வருகிறது. நீர் வேட்டை எலிகளில் அந்தத் துளை பெரியது. ஆகவே உயிருள்ள விலங்கைக் காணாமல், வெறும் மண்டையோட்டை மட்டும் கையில் எடுத்தாலும், இது மீசையை நம்பி வாழ்ந்த விலங்கு என்று ஊகிக்கலாம்.

மூக்கில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. சாதாரண எலிக்கு மூக்கின் நடுவிலிருந்து மேலுதட்டை இரண்டாகப் பிளக்கும் மயிரற்ற பள்ளம் ஒன்று உண்டு. வீட்டு எலியைப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இக்தியோமைனி குலத்தில் அந்தப் பள்ளம் கிடையாது. மேலுதடு முழுதாக மயிர் போர்த்தியிருக்கும்.

பல்லுக்கு வருவோம். நெல்லும் புல்லும் தின்னும் எலிக்கு அரைக்கும் கடைவாய்ப் பற்கள் பெரியவையாக இருக்க வேண்டும். சிலிக்கா நிறைந்த உமியை அரைத்தால் பல் தேயும். நண்டின் சதைக்கும் பூச்சிப் புழுவுக்கும் அவ்வளவு அரைப்பு வேண்டாம். அதனால் நீர் வேட்டை எலிகளில் கடைவாய்ப் பற்கள் சிறுத்துப் போகின்றன. பிரெஞ்சு கயானாவிலிருந்து 1978இல் விவரிக்கப்பட்ட ஓயாபொக்கி என்ற இனத்துக்கு மூன்றாவது கடைவாய்ப் பல்லே கிடையாது. இக்தியோமிஸின் மேல் வெட்டுப் பற்களோ வெளி மூலைகளில் கூராகி, இரண்டும் சேர்ந்து தலைகீழ் 'வி' வடிவம் கொள்கின்றன. வழுக்கும் இரையைக் கவ்வ இது நல்ல வடிவம்.

தண்ணீரில் இறங்குகிற சிறு விலங்குக்கு முதல் ஆபத்து குளிர். வெப்பத்தைக் கடத்துவதில் நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் திறமையானது. உடம்பு சிறியதானால் எடைக்கு ஏற்பத் தோற்பரப்பு அதிகம், வெப்பம் விரைவாக வெளியேறும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். அனோடோமிஸ் வாழும் அந்தீஸ் ஓடைகள் அதற்கும் மேலே இருக்கின்றன. அங்கே காற்றைச் சிறைப்பிடிக்கும் அடர்ந்த உள்மயிர் இல்லாமல் உயிர் தங்காது. அதே காற்று விலங்கை மேலே மிதக்கவும் தள்ளும். எனவே மூழ்குவதற்கு ஓயாமல் உதைக்க வேண்டும். இதனால் ஒரு முங்கு நெடுநேரம் நீடிக்காது. இறங்கி, தடவி, கவ்வி, கல்லுக்கு வந்து தின்கிறது. கல்லின்மேல் நண்டின் மேலோடும் கால்களும் மிஞ்சிக் கிடந்தால் அதுவே முதல் தடயம்.

இப்படியான உடம்பு ஒரே குலத்துக்கு மட்டும் வாய்த்ததன்று. இது மிகவும் கவனிக்க வேண்டிய விடயம். அவுஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் ராக்காலி என்ற நீர் எலி உண்டு. அறிவியல் பெயர் ஹைட்ரோமிஸ் கிரைசோகாஸ்டர். வால் நுனி வெள்ளை, பின்காலில் சவ்வு, ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் இரண்டே கடைவாய்ப் பற்கள். இது அமெரிக்க எலிகளுக்கு நெருங்கிய சொந்தமல்ல. நம் வீட்டு எலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நண்டு, சிப்பி, மீன் என்று பிடித்து, வழக்கமான ஒரு கல்லுக்கோ மரக்குற்றிக்கோ கொண்டுபோய்த் தின்னும். மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் நஞ்சுள்ள கரும்புத் தேரைகள் பரவியபோது ராக்காலி அவற்றின் மார்பில் சிறு கீறல் போட்டு, இதயத்தையும் ஈரலையும் மட்டும் எடுத்துத் தின்று, நஞ்சுள்ள தோலைத் தவிர்த்தது. 2019இல் வெளியான ஆய்வு இதைப் பதிவு செய்தது. ஆபிரிக்காவில் கோலோமிஸ் இருக்கிறது. நீண்ட பின்பாதங்களில் ஆழமற்ற ஓடையில் நின்று, மீசையைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து இரை தேடும் எலி அது. தனித்தனியாக, வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு மூதாதையரிலிருந்து ஒரே தொழிலுக்கு ஒத்த கருவிகள் உருவாகியிருக்கின்றன. பாடநூலில் ஒருங்கு கூர்ப்பு என்று படிப்பது இதைத்தான். சுறாவும் டொல்பினும் என்ற பழைய உதாரணத்தைவிட இது நல்ல உதாரணம் என்பேன். இங்கே ஒப்பிடப்படுபவை எல்லாமே எலிகள். எது பொதுவாக வந்தது, எது தொழிலால் வந்தது என்று பிரித்துப் பார்க்க இலகு.

இவை 'மிக அரிதானவை' என்று எழுதியிருப்பதைப் படிப்பீர்கள். அந்தச் சொல்லைக் கவனமாக எடுக்க வேண்டும். எத்தியோப்பியாவில் சின்ன அபாய் ஆற்றின் தொடக்கப் பகுதியில் 1927இல் ஓர் எலி பிடிக்கப்பட்டது. நிலோபெகாமிஸ் என்று பெயரிட்டார்கள். இன்றுவரை அந்த ஒரே மாதிரிதான் உலகிடம் உள்ளது. தேடிப் போனவர்களுக்கும் கிடைக்கவில்லை, அந்த ஓடையோரக் காடும் அழிந்துபோனது. இது உண்மையான இழப்பாக இருக்கலாம். ஆனால் இந்தோனேசியாவின் சுலவேசியில் 2014இல் விவரிக்கப்பட்ட வையோமிஸ் மமாசேயின் கதை வேறு. மமாசா மலைவாசிகள் அந்த நீர் எலியை அறிந்திருந்தார்கள். அறிவியல்தான் அதுவரை அறியவில்லை. ஆற்றோரம் வாழும் மனிதரிடம் கேட்காமல் போடுகிற எந்த ஆய்வுத் திட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

பொறிக்குள் அகப்படாமைக்குச் சாதாரணமான காரணங்களே அதிகம். எலி ஆய்வுக்கு வழக்கமாக வைப்பது தானியமும் நிலக்கடலையும் கலந்த இரை. நண்டு தின்னும் எலி அதைத் திரும்பியும் பார்க்காது. நண்டுத் துண்டோ மீன் துண்டோ வைக்க வேண்டும். அதை வைத்தால் எறும்பு ஒரு மணித்தியாலத்தில் மொய்த்துவிடும், ஆகவே பொழுது சாய்ந்த பிறகே இரை வைக்க வேண்டும். காட்டுக்குள் பத்து மீற்றர் தள்ளிப் பொறி வரிசை போட்டால் ஒன்றும் கிடைக்காது. தண்ணீரும் கல்லும் தொடுகிற கோட்டிலேயே, ஓடைக்கு நடுவே கிடக்கும் மரத்திலும் பாறையிலும், வாசல் தண்ணீரை நோக்க வைக்க வேண்டும். அங்கே வைத்தால் அடுத்த சிக்கல் வரும். இரவில் மலையில் மழை பெய்தால் ஓடை ஏறி, பொறியை அடித்துப் போகும், அல்லது உள்ளே அகப்பட்ட விலங்கை மூழ்கடித்துக் கொல்லும். அதனால் பொறியைக் கயிற்றால் மேட்டு மரத்தில் கட்டி, மழை தொடங்கினால் இரவிலேயே மூடிவிட வேண்டும். நனைந்த விலங்கு இரும்புப் பொறிக்குள் விடியும்வரை கிடந்தால் குளிரிலேயே செத்துவிடும். உள்ளே காய்ந்த பஞ்சு வேண்டும், இரவில் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தால்தான் 'இங்கே இல்லை' என்று சொல்ல ஓரளவு உரிமை கிடைக்கும்.

இனி நம் கரைக்கு வருவோம். இலங்கையின் எலியினங்களில் நீருக்குள் வேட்டையாடுவது எதுவும் இல்லை. இங்கே நண்டையும் மீனையும் கரையோரம் பிடிப்பவை நீர்நாய், மீன்பிடிப் பூனை, கீரி முதலியவை. தென் அமெரிக்க ஓடையில் எலி நண்டைத் தின்கிறது. நம் வட்டையில் எலியும் நண்டும் ஒரே வரம்பில் குடியிருக்கின்றன. வரம்பு ஒழுகினால் இரண்டில் எது குற்றவாளி என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். வாய் உருண்டை அல்லது நீள்வட்டம், சுற்றிலும் ஈரச் சேற்று உருண்டைகள். எலிவளை மேலே, காய்ந்த பகுதியில் தொடங்கும். வாசலில் பொலபொலவென்ற புதுமண் குவியல் கிடக்கும். உள்ளே எலி இருந்தால் பல வேளைகளில் வாசலை மண்ணால் அடைத்திருக்கும். பயிரில் பார்த்தால், நண்டு இளம் நாற்றைத்தான் அறுக்கும். குடலைப் பருவத்திலும் கதிர்ப் பருவத்திலும் தண்டு சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில், வெட்டுண்டு கிடந்தால் அது எலி. வளையை மேலால் ஒரு மண்வெட்டி மண் போட்டு மூடுவது வீண் வேலை. சுரங்கம் உள்ளே அப்படியே இருக்கும், தண்ணீர் மறுபடி வழி கண்டுபிடிக்கும். முழு நீளத்துக்கும் வெட்டித் திறந்து, களிமண்ணை அடுக்கடுக்காக மிதித்து இறுக்க வேண்டும். வரம்பின் அகலம் 30 செ.மீ.க்குள் இருந்தால் எலிக்கு வளை தோண்ட இடம் போதாது. அகன்ற வரம்பில் மாடு கட்டலாம், சைக்கிளிலும் போகலாம். அதன் விலையை எலிக்குக் கொடுக்கிறோம். ஒரு வயல்காரர் மட்டும் செய்து பயனில்லை, வட்டை முழுதும் விதைப்புக்கு முன்பு சேர்ந்து செய்ய வேண்டும்.

மாணவர்கள் செய்யக்கூடிய கள வேலை ஒன்றைச் சொல்கிறேன். பொறி வைத்துக் காட்டு விலங்கு பிடிக்க இந்நாட்டில் அனுமதி வேண்டும். ஆகவே பிடிக்காமல், தடம் மட்டும் எடுப்போம். இதற்கு மிதவைத் தட்டு போதும். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலமான ஒரு பலகையின் கீழே 5 செ.மீ. தடிப்பான ரெஜிபோம் (மிதக்கும் வெண்நுரைப் பலகை) கட்டுங்கள். பலகையின் நடுவே 3 செ.மீ. ஆழமான தட்டம் ஒன்றைப் பொருத்தி, இரண்டு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு நுண்மணல் பிசைந்து நிரப்பி, மேற்பரப்பை ஈரக் கையால் மட்டப்படுத்துங்கள். களி மட்டும் போட்டால் வெயிலில் வெடிக்கும், மணல் கூடினால் தடம் உதிரும். ஒரு பருத்தித் துணி நாடாவை தட்டத்தின் அடியில் துளையிட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் அது நீரை உறிஞ்சிக் களியை ஈரமாக வைத்திருக்கும். மேலே 15 செ.மீ. உயரத்தில் கூரை வேண்டும். ஒரு மழைத்தூறல் இரவு முழுவதும் பதிந்த தடத்தை அழித்துவிடும். சம்பு வளர்ந்த கரையோரத்தில், நைலோன் கயிற்றை ஒரு மீற்றர் தளர்வாக விட்டுக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நீர் ஏறும்போது மிதவை சரிந்துவிடும். தோணி போகும் வழியையும் வலை போடும் இடத்தையும் முதலில் மீனவரிடம் கேளுங்கள்.

மூன்று காலை தொடர்ந்து பாருங்கள். எலி வர்க்கத்தின் முன்காலில் நான்கு விரல் பதியும், பின்காலில் ஐந்து. பூனை வர்க்கத்தில் நான்கு விரல், பெரும்பாலும் நகக்குறி இராது. நீர்நாயின் தடம் அகன்றது, ஐந்து விரல், ஈரக் களியில் சவ்வின் சாயலும் சில வேளை தெரியும். அருகிலுள்ள கல்லில் மீன் செதிளும் நண்டின் ஓட்டுத் துண்டும் கலந்த, மீன்வாடை அடிக்கும் எச்சம் இருந்தால் நீர்நாய் என்று உறுதியாகச் சொல்லலாம். நிழற்படம் எடுக்கும்போது அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் அளவு பொய்யாகும்.

வாவியிலும் ஆற்று முகங்களிலும் முதலை உண்டு. விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, பெரியவர் ஒருவரோடு, மேட்டில் நின்று மிதவையைக் கயிற்றால் இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து சிறுநீரோடு வெளியேறி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடிருக்கும். காலில் உள்ள வெட்டு, வெடிப்பு, கண், வாய் வழியாக உடலுக்குள் போகும். 2008இல் இந்நாட்டில் 7,000க்கும் அதிகமானோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தடுப்பாகக் கொடுக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. சேற்றில் நின்று ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சலும் தலையிடியும் வந்து, கெண்டைக்காலை அமுக்கினால் தாங்க முடியாத நோவும், கண் சிவப்பும் இருந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்க வேண்டாம். சிறுநீர் குறையும்வரை காத்திருப்பது சிறுநீரகத்தையே இழக்கும் அளவுக்குக் கொண்டுபோகும். வைத்தியசாலையில் முதல் வார்த்தையாக 'வயலில் நின்றேன்' அல்லது 'வாய்க்காலில் இறங்கினேன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் வைத்தியரைச் சரியான பரிசோதனைக்கு நேரே கொண்டுபோகும்.

மிதவைத் தட்டைத் தொட்ட கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். களியை மறுபடி மட்டப்படுத்திவிட்டு, நாள், இடம், நீர்மட்டம், முதல் நாள் இரவு மழை பெய்ததா இல்லையா என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். தடம் எதுவும் பதியாத நாளையும் விடாமல் எழுதுங்கள்.